பேரனை நாடு கடத்திவிடுவார்களா? பாஸ்போர்ட் தேதியால் வந்த வினை (எச்-4, ஐ-94)

செவ்வாய்ப்பேட்டைத் தாத்தா
2 மார்ச் 2025, இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளி விலை பார்க்கவும், மல்கோவா பெரிதா இமாம்பசந்த் பெரிதா என்று நீங்கள் போடும் சண்டையைப் படிக்கவும் இங்கே வந்து போகிறவன் நான். இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. செவ்வாய்ப்பேட்டையில் முப்பது வருடமாகக் கொலுசுப் பட்டறை. அமெரிக்க விஷயம் எனக்குத் தூரம். தப்பாக எழுதினால் திருத்துங்கள்.

மகளும் மாப்பிள்ளையும் டல்லாஸ் பக்கம் இருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு எச்-1பி என்ற வேலை விசா, அவரை ஒட்டிக் குடும்பத்துக்கு எச்-4. பேரன் சேலத்தில் பிறந்தவன், நாலு வயதில் கூட்டிப் போனார்கள். வருகிற ஆகஸ்ட் 20-ஆம் தேதி பதினெட்டு முடிகிறது.

போன வாரம் மகள் போனில் அழுதாள். போன ஆகஸ்டில் நீட்டிப்புக்கு மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் எழுதிப் போட்டார்களாம். அப்பனுக்கு வந்துவிட்டது, அம்மாவுக்கும் வந்துவிட்டது, பிள்ளைக்கு மட்டும் மறுப்புக் கடிதம். 2023 நவம்பர் 13-ஆம் தேதியோடு அவன் அங்கே இருக்கும் அனுமதி முடிந்துபோயிற்றாம். அதற்கப்புறம் பள்ளிக்கூடம் போய் வந்தது, கூடைப்பந்து ஆடியது எல்லாம் அனுமதி இல்லாமல் இருந்த காலமாம். இனி எந்த நேரமும் நோட்டீஸ் வரலாம், டிபோர்ட்கூடப் பண்ணலாம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

போன மாதம் 5-ஆம் தேதி ராணுவ விமானத்தில் 104 பேரைக் கொண்டுவந்து அமிர்தசரஸில் இறக்கினார்களே, அதை டிவியில் பார்த்ததிலிருந்து எங்கள் வீட்டம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். ஒரே வீட்டில் அப்பா அம்மாவுக்குச் செல்லுகிற காகிதம் பிள்ளைக்கு எப்படிச் செல்லாமல் போகும்?

ஐந்துரோடு
2 மார்ச் 2025, இரவு 10.12

ஐயா, பதறாதீர்கள். பாஸ்போர்ட்டில் விசா ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், அதில் என்ன தேதி என்று பாருங்கள். அந்தத் தேதி வரை யாரும் அசைக்க முடியாது.

செவ்வாய்ப்பேட்டைத் தாத்தா
2 மார்ச் 2025, இரவு 10.31

மகளிடம் கேட்டேன் தம்பி. மூன்று பேருக்கும் ஸ்டிக்கர் 2024 செப்டம்பர் 30 வரை. அதனால்தான் 2023 கணக்கு எனக்குப் புரியவில்லை.

ஓமலூர்-ஆஸ்டின்
3 மார்ச் 2025, காலை 7.05

ஐயா, நான் வக்கீல் இல்லை. ஆனால் 2019-இல் என் மகளுக்கு இதே கண்டம் வந்து, இருபது நாள் பாக்கி இருக்கும்போது கண்டுபிடித்துத் தப்பினோம். அதனால் இதைக் கொஞ்சம் படித்து வைத்திருக்கிறேன்.

ஐந்துரோடு சொன்னது நிறையப் பேர் நம்புகிற தப்பு. ஸ்டிக்கர் ஊருக்குள் வந்து நுழைவதற்கு மட்டும்தான். வந்த பிறகு எத்தனை நாள் இருக்கலாம் என்பதை ஐ-94 என்ற பதிவுதான் சொல்லும். விமான நிலையத்தில் அதிகாரி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தேதி போடுவார். முன்பெல்லாம் வெள்ளை அட்டை ஒன்றைப் பாஸ்போர்ட்டில் பின் அடித்துத் தருவார்கள், கண்ணில் படும். 2013-இல் இருந்து விமானத்தில் வருகிறவர்களுக்கு அது கிடையாது. இணையத்தில் நாமே போய்ப் பார்த்தால்தான் உண்டு.

அப்பா கம்பெனியின் ஒப்புதல் 2024 செப்டம்பர் வரை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் பாஸ்போர்ட் அதற்கு முன்னாலேயே காலாவதியாகிறது என்றால், ஐ-94-இல் பாஸ்போர்ட் முடியும் தேதியைத்தான் பெரும்பாலும் போடுவார்கள். நம் ஊரில் பெரியவர்களுக்குப் பாஸ்போர்ட் பத்து வருடம், சிறு பிள்ளைகளுக்கு ஐந்து வருடம். குடும்பத்தில் முதலில் முடிவது எப்போதும் பிள்ளையுடையதுதான். அதனால் இந்தப் பள்ளத்தில் விழுகிறதும் பிள்ளைகள்தான்.

அவனுக்கு 2018 நவம்பர் வாக்கில் பாஸ்போர்ட் எடுத்தீர்களா? கடைசியாக ஊருக்கு வந்து திரும்பியது எப்போது? பழைய பாஸ்போர்ட் இருந்தால் அந்த முத்திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டைத் தாத்தா
3 மார்ச் 2025, இரவு 8.40

நீங்கள் ஜோசியம் பார்த்த மாதிரி சொல்லிவிட்டீர்கள் தம்பி. 2018 நவம்பர் 14-இல் எடுத்த பாஸ்போர்ட். 2022 ஜூனில் என் அண்ணன் பேத்தி கல்யாணத்துக்கு வந்து ஜூலையில் திரும்பினார்கள். மூலை வெட்டிக் கொடுத்த பழைய பாஸ்போர்ட்டை மகள் எடுத்துப் பார்த்தாள். முத்திரைக்குக் கீழே பேனாவில் 13 நவம்பர் 2023 என்று எழுதியிருக்கிறது. அவள் பாஸ்போர்ட்டில் 30 செப்டம்பர் 2024. இரண்டு வருடமாக அலமாரியிலேயே இருந்த எழுத்து.

2023 செப்டம்பரில் பிள்ளைக்குப் புதுப் பாஸ்போர்ட் வாங்கினார்களாம். அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்திருக்கிறார்கள்.

ஓமலூர்-ஆஸ்டின்
4 மார்ச் 2025, காலை 6.50

அதேதான். பாஸ்போர்ட் கொடுப்பது இந்தியா, ஐ-94 போடுவது அமெரிக்கா. இதைப் புதுப்பித்தால் அது தானாக நீளாது. ஒன்று, தேதி முடிவதற்குள் வெளியே போய்ப் புதுப் பாஸ்போர்ட்டோடு திரும்பி வர வேண்டும். இல்லையென்றால் உள்ளே இருந்தபடியே ஐ-539 என்ற நீட்டிப்புப் படிவம் போட வேண்டும். அப்பாவுக்குக் கம்பெனி போடுவது ஐ-129 என்ற வேறு படிவம். அது பிள்ளையைச் சுமந்துகொண்டு போகாது.

கன்னங்குறிச்சி சிங்கம்
4 மார்ச் 2025, காலை 9.15

இவ்வளவு படித்தவர்கள், மாதம் லட்சக்கணக்கில் சம்பாதிப்பவர்கள், ஒரு தேதியைப் பார்க்க மாட்டார்களா? தப்பு பெற்றவர்கள் மேல்தான்.

ஏற்காட்டு மிளகுக்கொடி
4 மார்ச் 2025, காலை 11.30

சிங்கம் அண்ணா, பார்த்திருப்பார்கள், கிடைத்திருக்காது. நான் நியூஜெர்சியில் பதினொரு வருடம் இருந்து திரும்பி வந்தவள், இப்போது மலையில் காப்பியும் மிளகும்.

ஐயா, பேரனின் பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற கட்டம் காலியாக இருக்கிறதா? நம் ஆட்களுக்கு அங்கேதான் சனி. நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் முழுப் பெயரையும் சர்நேமில் தள்ளிவிட்டு, முதல் பெயர் இருக்கும் இடத்தில் எஃப்என்யு என்று அடிப்பார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். ஆசையாகத் தாத்தா பெயரை வைத்தால், அவர்கள் தெரியவில்லை என்று எழுதுகிறார்கள். ஐ-94 தளத்தில் பிள்ளையின் பெயரை நாம் கூப்பிடுகிற மாதிரி அடித்தால் பதிவு இல்லை என்றுதான் வரும். எஃப்என்யு என்று அடித்தால்தான் வரும். என் பையனுக்கு இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று.

துபாயும் இப்படித்தான். 2022 நவம்பரில் இருந்து பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் உள்ளே விடுவதில்லை என்று ஆரம்பித்தார்கள். நம் பக்கத்து ஆட்கள் எத்தனை பேர் அலைந்தார்கள்.

செவ்வாய்ப்பேட்டைத் தாத்தா
4 மார்ச் 2025, இரவு 9.05

அம்மா, அப்படியே நடந்திருக்கிறது. 2022-லேயே மகள் அந்தத் தளத்தில் தேடியிருக்கிறாள். தனக்கு வந்தது, பிள்ளைக்குப் பதிவு இல்லை என்று வந்தது. கம்பெனி வக்கீல் ஆபீசில் கேட்டதற்கு, எல்லாருக்கும் ஒரே தேதிதான் இருக்கும் என்று சொல்லி முடித்துவிட்டார்களாம். இன்றைக்கு எஃப்என்யு என்று அடித்ததும் உடனே வந்துவிட்டது.

அவனுக்கு என் அப்பா பெயரைத்தான் வைத்தோம். அதை விடுங்கள். இப்போது என்ன செய்வது?

ஐந்துரோடு
4 மார்ச் 2025, இரவு 9.40

முதலில் நான் தப்பாகச் சொன்னதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் ஐயா. மெக்சிகோ எல்லைக்குப் போய் ஒரு நாள் இருந்துவிட்டுத் திரும்பினால் புதுத் தேதி போடுவார்கள் என்று என் நண்பன் சொல்கிறான்.

ஓமலூர்-ஆஸ்டின்
5 மார்ச் 2025, காலை 7.20

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கனடா, மெக்சிகோ போய் முப்பது நாளுக்குள் திரும்பும் சலுகை, ஐ-94 உயிரோடு இருப்பவர்களுக்குத்தான். ஐ-94 தாண்டித் தங்கிவிட்டால் கையில் உள்ள விசாவும் செல்லாததாகிவிடும். புதிதாகச் சொந்த நாட்டில்தான் வாங்க வேண்டும். பையன் மெக்சிகோ பக்கம் மாட்டிக்கொள்வான்.

இனி ஐயாவுக்கு. பயப்பட வேண்டியது எது, வேண்டாதது எது என்று பிரித்துச் சொல்கிறேன்.

தாண்டித் தங்கினால் மூன்று வருடத் தடை, பத்து வருடத் தடை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 180 நாளுக்கு மேல் சட்டவிரோதமாகத் தங்கிவிட்டு வெளியே போனால் மூன்று வருடம், ஒரு வருடம் அல்லது அதற்கு மேல் என்றால் பத்து வருடம் திரும்ப முடியாது. ஆனால் பதினெட்டு வயது நிரம்பாத காலம் இந்தக் கணக்கில் சேராது. பேரன் பதினைந்து மாதம் தாண்டியிருந்தாலும் அந்தக் கணக்கில் இன்றைக்கு அவனுக்குப் பூஜ்யம். ஆகஸ்ட் 20-இல் இருந்துதான் நாள் ஓட ஆரம்பிக்கும்.

அதற்காக ஆகஸ்ட் வரை சும்மா இருக்கலாம் என்று அர்த்தமில்லை. தடைக் கணக்கு வேறு, தங்கும் தகுதி வேறு. தகுதி அவனுக்கு இன்றைக்கே இல்லை. போன வெள்ளிக்கிழமை, பிப்ரவரி 28-ஆம் தேதியிட்டு, இந்த விண்ணப்பங்களைப் பார்க்கும் அமெரிக்கக் குடிவரவுத் துறையான யுஎஸ்சிஐஎஸ் புதுக் கொள்கைக் குறிப்பு போட்டிருக்கிறது. விண்ணப்பம் மறுக்கப்பட்டு, ஆளுக்கு அங்கே இருக்கும் தகுதியும் இல்லையென்றால், குடிவரவு நீதிமன்றத்துக்கு வரச்சொல்லும் நோட்டீஸ் அனுப்புவார்கள். நாடு கடத்தல் வழக்கின் முதல் காகிதம் அதுதான். ராணுவ விமானம் எல்லாம் மனதில் வேண்டாம் ஐயா, ஆனால் அந்தக் காகிதம் வருவதற்குள் பையன் தானாகவே கிளம்பிவிடுவது நல்லது.

இன்னொரு வழி, மறுப்பை மறுபடி பார்க்கச் சொல்லி ஐ-290பி போடுவது. முடிவு தேதியில் இருந்து முப்பது நாள், தபாலில் வந்திருந்தால் முப்பத்து மூன்று. நம் கையை மீறிய அசாதாரணக் காரணத்தால் தாமதம் என்று நிரூபித்தால் முன்தேதியிட்டு ஏற்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. எஃப்என்யு கதை அதற்குப் போதுமா என்பது அதிகாரியின் மனம். அது கிடப்பில் இருக்கும் காலத்தில் பையனுக்குப் பாதுகாப்பு ஒன்றும் கிடையாது.

நானாக இருந்தால் சென்னைக்கு அனுப்பி விசா வாங்கிப் புதிதாக நுழைய வைப்பேன். இதில் ஒரு லாபமும் இருக்கிறது. நாளைக்கு கிரீன் கார்டு முறை வரும்போது, வேலை வழியாக விண்ணப்பிக்கிறவர்களுக்கு 180 நாள் வரை தகுதி மீறலை மன்னிக்கிற ஒரு பிரிவு உண்டு. அதைக் கடைசியாக முறைப்படி நுழைந்த நாளில் இருந்துதான் எண்ணுவார்கள். புதிதாக நுழைந்துவிட்டால் பழைய பதினைந்து மாதம் அந்தக் கணக்கில் வராது. கம்பெனி வக்கீலை விட்டுவிட்டுத் தனியாக ஒரு குடிவரவு வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பெனி வக்கீல் கம்பெனிக்கு வக்கீல்.

கன்னங்குறிச்சி சிங்கம்
5 மார்ச் 2025, காலை 10.02

விசா படிவத்தில் தாண்டித் தங்கியிருக்கிறீர்களா என்று கேட்பார்கள். இல்லை என்று டிக் அடித்துவிடுங்கள். சின்னப் பையன், யார் பார்க்கப் போகிறார்கள். எனக்குத் தெரிந்த ஏஜென்ட் அப்படித்தான் செய்கிறார்.

ஓமலூர்-ஆஸ்டின்
5 மார்ச் 2025, காலை 10.20

அதுதான் தூக்குக் கயிறு. தாண்டித் தங்கியதற்கு அவனுக்குத் தடை இல்லை. பொய் சொன்னால் ஆயுளுக்கும் தடை. டிஎஸ்-160 படிவத்தில் அந்தக் கேள்விக்கு ஆம் என்றே போட்டு, நடந்ததை நாலு வரியில் எழுத வேண்டும். அந்த ஏஜென்டிடம் யாரும் போகாதீர்கள்.

பட்டைக்கோவில் பக்கம்
5 மார்ச் 2025, பகல் 1.45

என்னைக் கேட்டால் பையனை இங்கேயே கூப்பிட்டுப் படிக்க வையுங்கள். சேலத்தில் இல்லாத பள்ளிக்கூடமா, காலேஜா? இப்படிக் காலைப் பிடித்துக்கொண்டு எதற்கு அங்கே?

செவ்வாய்ப்பேட்டைத் தாத்தா
5 மார்ச் 2025, இரவு 9.30

எனக்கும் ஆசைதான். ஆனால் அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. "அப்புச்சி, தட்டுவடை செட் வேண்டும்" என்று அழகாகக் கேட்பான், கடை போர்டைப் படிக்கச் சொன்னால் முழிப்பான். அங்கே பதினொன்றாம் வகுப்பு, இன்னும் ஒரே வருடம். நடுவில் பிடுங்கிக் கொண்டுவந்து நட்டால் எந்த மண்ணில் பிடிக்கும்?

ஏற்காட்டு மிளகுக்கொடி
5 மார்ச் 2025, இரவு 10.10

நாங்கள் திரும்பி வந்ததே இதனால்தான் ஐயா. விசா போன பிரச்சினை இல்லை, இருபத்தொன்று. எச்-4 பிள்ளைக்கு இருபத்தொரு வயது ஆனதும் அப்பா அம்மாவின் விசாவில் இருக்க முடியாது. வேலை வழி கிரீன் கார்டு வருடத்துக்கு சுமார் 1,40,000, அதில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம்தான். இந்தியர்களின் வரிசை பத்து வருடத்துக்கு மேல் நிற்கிறது. பிள்ளை வளர்கிற வேகத்துக்கு வரிசை நகர்வதில்லை. 2002-இல் வந்த சட்டம் வயதில் கொஞ்சம் கழித்துக்கொள்ள விடும், ஆனால் நம் வரிசைக்கு அந்தக் கழிவு பெரும்பாலும் போதாது. இதைத் தாண்டினால் அடுத்த மேடு அது என்று மகளிடம் சொல்லி வையுங்கள். மனம் நோகச் சொல்லவில்லை.

மன்னார்ப் பேரன்
6 மார்ச் 2025, இரவு 11.20

ஐயா, உங்கள் பேரன் நல்லபடியாகத் திரும்பிப் போக வேண்டும். அதைச் சொல்லிவிட்டு ஒன்று எழுதுகிறேன், இழையைத் திருப்புகிறேன் என்று கோபிக்காதீர்கள்.

நான் 1994-இல் இதே சேலம் மாவட்டத்தில் பிறந்தவன். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில். 2021 வரை அதற்கு அகதிகள் முகாம் என்று பெயர். பெற்றோர் 1990-இல் படகில் வந்தவர்கள். டிப்ளமா படித்தேன், பெயின்ட் வேலை செய்கிறேன். சேலத்தை விட்டால் எனக்கு வேறு ஊர் தெரியாது. ஆனால் நான் இந்தியன் இல்லை. 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பிறகு என்றால் அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும்.

மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு அக்கா, அந்தத் தேதியை வைத்து உயர் நீதிமன்றம் போய் 2022-இல் பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு வாங்கினார், 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார். எனக்குத் தேதி ஏழு வருடம் பிந்திவிட்டது.

என் மனைவி கொண்டலாம்பட்டிப் பெண், தலைமுறையாக இங்கே தறி ஓட்டிய குடும்பம். அவள் இந்தியர் என்பதால் மகளாவது இந்தியராகிவிடுவாள் என்று நினைத்தோம். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்து, மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராகவும் இருக்கக் கூடாதாம். எங்களை நடுவண் அரசு அந்த வகையில்தான் வைத்திருக்கிறது. 2019-இல் திருத்தினார்களே குடியுரிமைச் சட்டம், அதிலும் இலங்கை இல்லை. பாப்பாவுக்கு ஆறு வயது.

கன்னங்குறிச்சி சிங்கம்
7 மார்ச் 2025, காலை 8.30

தம்பி, அது வேறு விஷயம், இதில் கலக்காதீர்கள்.

செவ்வாய்ப்பேட்டைத் தாத்தா
7 மார்ச் 2025, காலை 9.10

கலக்கட்டும் சிங்கம். நான் தொடங்கிய இழை, எனக்கு ஆட்சேபணை இல்லை. தம்பி, என் பட்டறைக்கே முகாமில் இருந்து இரண்டு பேர் பற்றவைப்பு வேலைக்கு வந்து போயிருக்கிறார்கள். ஒரு நாளும் இதைக் கேட்டதில்லை நான்.

செவ்வாய்ப்பேட்டைத் தாத்தா
12 ஆகஸ்ட் 2025, இரவு 8.15

விட்ட இடத்தில் இருந்து சொல்கிறேன். மன்னிக்கவும், ஐந்து மாதம் ஆகிவிட்டது.

தனி வக்கீல் ஓமலூர்த் தம்பி சொன்னதையேதான் சொன்னார். பள்ளி முடிந்ததும் மே கடைசியில் பையன் தனியாக பெங்களூர் வந்து இறங்கினான். நானும் அவன் அம்மாயியும் கார் எடுத்துக்கொண்டு போனோம். தொப்பூர் மேடு தாண்டும்போது, "நான் ஒன்றும் செய்யவில்லையே" என்று இங்கிலீஷில் சொன்னான். அதற்கப்புறம் சேலம் வரை பேசவில்லை.

ஜூலையில் சென்னை. ஒரு நாள் கைரேகை, மறுநாள் மேம்பாலத்துப் பக்கம் அமெரிக்கத் துணைத் தூதரகம். படிவத்தில் ஆம் என்றே போட்டோம். பழைய பாஸ்போர்ட், இரண்டு ஐ-94, மறுப்புக் கடிதம், மாப்பிள்ளையின் ஒப்புதல், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரே ஃபைலில். நான் வெளியே வெயிலில் நின்றேன். உள்ளே நாலு நிமிடம்தானாம். ஏன் தாண்டித் தங்கினாய் என்று கேட்டதற்கு, பாஸ்போர்ட் தேதி என் பெற்றோருக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறான். ஒன்பதாம் நாள் பாஸ்போர்ட் கைக்கு வந்தது.

ஆடித் திருவிழாவுக்குக் கோட்டை மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு, போன சனிக்கிழமை அனுப்பி வைத்தோம். நேற்று பட்டறையில் உட்கார்ந்து நானே அந்தத் தளத்தில் எஃப்என்யு என்று அடித்துப் பார்த்தேன். 2027 செப்டம்பர் 30. மாப்பிள்ளைக்கு இருக்கிற அதே தேதி. மகளுக்கும் இன்னொரு தடவை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். இருபத்தொன்றுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது, அப்போது வந்து உங்களை மறுபடி தொந்தரவு செய்வேன்.

ஐந்துரோடு
12 ஆகஸ்ட் 2025, இரவு 8.50

ரொம்ப சந்தோஷம் ஐயா. என் அக்கா பிள்ளைகள் இரண்டு பேருக்கும் நேற்றே பார்த்துவிட்டோம். ஒருவனுக்கு வருகிற டிசம்பரோடு முடிகிறது. பாஸ்போர்ட் கதைதான். நல்லவேளை.

மன்னார்ப் பேரன்
6 செப்டம்பர் 2025, இரவு 10.40

ஐயா, தாமதமாகப் பார்த்தேன், மகிழ்ச்சி.

இந்த வாரம் எங்களுக்கும் ஒரு உத்தரவு வந்தது. 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள் மேல், பாஸ்போர்ட் விசா இல்லை என்பதற்காகப் புதுக் குடிவரவுச் சட்டத்தில் தண்டனை நடவடிக்கை கிடையாதாம். முகாமில் பலகாரம் கொடுத்தார்கள். குடியுரிமை என்ற சொல் அந்த உத்தரவில் இல்லை.

செவ்வாய்ப்பேட்டைத் தாத்தா
7 செப்டம்பர் 2025, காலை 7.30

தம்பி, பாப்பாவின் பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கிறதா? அதில் பெயர் ஏறியிருக்கிறதா பாருங்கள். நம் பக்கம் நிறையப் பேர் பெயர் இல்லாமலே வாங்கி வைத்திருப்பார்கள், பதினைந்து வருடத்துக்குள் ஏற்ற வேண்டும். என் பேரனுக்கு முதலில் கேட்டதே அதைத்தான். உங்கள் வீட்டம்மாவின் காகிதங்களையும் சேர்த்து ஒரு ஃபைல் போட்டு வையுங்கள். எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் கோர்ட் பக்கம் இருக்கிறார், வெள்ளிக்கிழமை கூட வருகிறேன்.

மன்னார்ப் பேரன்
7 செப்டம்பர் 2025, காலை 8.05

பெயர் ஏறியிருக்கிறது ஐயா, இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். பிறந்த இடம், சேலம் அரசு மருத்துவமனை. வெள்ளிக்கிழமை வேலை இருக்கிறது, பதினோரு மணிக்கு மேல் என்றால் வந்துவிடுவேன்.